கிட்னி ஸ்கேன்ல எல்லாமே தெரிஞ்சிடாதுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மருத்துவப் பக்கத்துல ‘உறுப்பு நிராகரிப்பா? இனி ஸ்கேன் போதும், ஊசி வேண்டாம்’னு கொட்டை எழுத்துல ஒரு தலைப்பு போட்டிருந்தீங்க. நிராகரிப்புன்னா வச்ச கிட்னிய உடம்பு வெளியாளுன்னு தாக்குறது, டாக்டருங்க ரிஜெக்‌ஷன்பாங்க. காலையில கடையத் திறந்து ஷட்டரத் தூக்குறதுக்குள்ள அந்தக் கட்டிங் எங்க வாட்ஸ்அப் குரூப்ல மூணு தடவ வந்துருச்சு. குரூப்ல இருக்குறது பூராவும் கிட்னி மாத்துனவங்க, இல்லன்னா கொடுத்தவங்க, எண்பது தொண்ணூறு பேரு இருப்போம். கை தட்டுற பொம்மை, கும்பிடுற பொம்மைன்னு மத்தியானம் வரைக்கும் ஒரே கொண்டாட்டம்தான், ஏன்னா எங்க ஆளுங்களுக்கு பயாப்ஸி, அதான் கிட்னியில ஊசி போட்டு துளி சதை எடுத்துப் பாக்குற டெஸ்ட், அந்த வார்த்தையக் கேட்டாலே வயிறு கலங்கும், அது இனிமே கிடையாதுன்னா யாருக்குத்தான் சந்தோஷம் வராது. ஆனா கட்டுரைய முழுசாப் படிச்சா ஆறாவது பத்தியில எலின்னு ஒரு வார்த்தை வருது, சோதனை நடந்ததே எலியிலதான். அந்த எலிய நீங்க தலைப்புலயே போட்டிருந்தா இந்த லெட்டர நான் எழுதியிருக்க மாட்டேன்.

குரூப்ல ஒரு தம்பி இருக்கான், இருபத்தாறு வயசு, அவங்க அம்மா கொடுத்த கிட்னி, வச்சு ஒன்றரை வருஷம் ஆகுது. கிரியாட்டினின், அதாவது கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல ஏறுற கழிவு, எப்பவும் 1.3-ல நிக்கிற பையன், இந்த மாசம் 1.9 காமிச்சிருக்கு. அவன் டாக்டர் உடனே வந்து அட்மிட் ஆகு, சதை எடுத்துப் பாத்துருவோம்னு சொல்லியிருக்காரு. இவன் என்ன பண்ணான்னா பக்கத்து ஊர்ல இருக்குற ஒரு ஸ்கேன் சென்டர்ல போயி ஸ்கேன் எடுத்து, நார்மல்னு எழுதி வாங்கிட்டு, எனக்கு போன் போட்டு ‘அண்ணே ஸ்கேன் நார்மல்ணே, பேப்பர்லயே போட்டுட்டாங்க ஸ்கேன் போதும்னு, அப்புறம் எதுக்குண்ணே ஊசி’ங்கிறான். நானும் சொல்லிப் பாத்தேன். ‘நீங்க என்ன டாக்டரா’ன்னு அவன் கேக்கல, கேட்டிருந்தாலும் தப்பில்ல. நான் கோவில்பட்டியில ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கவன். ஆனா 2016-ல இருந்து என் வயித்துல ஓடுறது என் வீட்டுக்காரம்மா கிட்னி, இத்தனை வருஷமா ஃபைலும் கையுமா அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன், தப்பிருந்தா டாக்டருங்க திருத்தட்டும்.

முதல்ல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். புதுக் கிட்னிய பழைய கிட்னி இருந்த எடத்துல வைக்க மாட்டாங்க. பழசு ரெண்டும் முதுகுப் பக்கம் அது பாட்டுக்கு சுருங்கிக் கெடக்கும், பெரும்பாலும் எடுக்கவும் மாட்டாங்க. புதுச வைக்கிறது முன்பக்கம் அடிவயித்துல, எனக்கு வலது பக்கம், லுங்கி கட்டுற எடத்துக்குக் கொஞ்சம் கீழ. காலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய்ல அத இணைச்சு, யூரின் குழாய மூத்திரப்பையில சேத்து விட்டுருவாங்க. கைய வச்சாலே தட்டுப்படும். தோலுக்கு அவ்வளவு கிட்டத்துல இருக்குறதாலதான் அல்ட்ராசவுண்டுல அது அவ்வளவு தெளிவாத் தெரியுது.

இது தெரியாம நடந்த கூத்து ஒண்ணு சொல்றேன். மாத்தி ரெண்டாவது வருஷம் ஒரு சென்டருக்குப் போனேன், பேரு வேண்டாம். டாக்டர் சீட்டுல டாப்ளர்னு, அதான் ரத்த ஓட்டம் பாக்குற ஸ்கேன், எழுதிக் கொடுத்திருந்தாரு. அங்க இருந்தவரு என்னைத் திரும்பிப் படுக்கச் சொல்லி முதுகுல ஜெல்லத் தடவி அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டாரு. நான் ‘சார், முன்னாடிங்க’ன்னு சொல்ல வாயெடுத்தேன், ‘பேசாதீங்க, மூச்சப் பிடிங்க’ன்னுட்டாரு. ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்தா, ரெண்டு கிட்னியும் சுருங்கிருச்சு, முத்துன நிலை, உடனே கிட்னி டாக்டரப் பாக்கவும்னு இருக்கு. என் வீட்டுக்காரி அத வாசிச்சிட்டு ‘என்னங்க, அப்ப நான் கொடுத்த கிட்னிய யாரு எடுத்துட்டுப் போனா?’ன்னா. சிரிச்சோம், ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. கொடுத்த காசும் போச்சு, பாக்க வேண்டிய கிட்னிய யாரும் பாக்கவும் இல்ல. தம்பி இப்ப கையில வச்சிருக்குற நார்மல் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், அதுல ரத்த ஓட்டம் பத்தி ஒரு வரி கூட இல்ல. கிட்னியோட நீளமும், மூத்திரப்பை நல்லா இருக்குங்கிறதும்தான் இருந்துச்சு.

டாப்ளர்னா என்னன்னு எங்க ஊர்க்காரங்களுக்கு ஈஸியாச் சொல்லலாம். ஸ்டேஷன் பக்கம் நின்னுக்கிட்டு, நிக்காமப் போற கூட்ஸ் வண்டி ஹாரன் அடிச்சிட்டே வர்றதக் கேளுங்க. வரும்போது சத்தம் கீச்சுன்னு இருக்கும், தாண்டிப் போனதும் பொசுக்குன்னு கொரல் இறங்கிடும். ஹாரன் ஒண்ணுதான், வண்டி நம்மள நோக்கி வருதா விலகிப் போகுதாங்கிறத வச்சு நம்ம காதுக்கு மாறுது. ஆஸ்திரியாக்காரர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல இத நட்சத்திரங்களோட வெளிச்சத்துக்குத்தான் சொன்னாரு. அப்புறம் 1845-ல நெதர்லாந்துல ஒரு ஆளு ஊதுகுழல்காரங்கள ரயில்ல ஏத்தி ஊத வச்சு, தண்டவாளத்துப் பக்கத்துல ஆளுகள நிக்க வச்சு கேக்கச் சொல்லி சோதிச்சுப் பாத்தாரு. அதேதான் இங்கயும், ரயிலுக்குப் பதிலா ரத்த அணு, ஹாரனுக்குப் பதிலா நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். ரத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா ஓடுதுன்னு மெஷின் கணக்குப் போட்டு செவப்பு நீலமாக் காமிக்கும், ஸ்பீக்கரப் போட்டு விட்டா ஷ்ஷூக் ஷ்ஷூக்குன்னு கேக்கும். முத தடவ அந்தச் சத்தத்தக் கேட்டப்ப என் வீட்டுக்காரி ஸ்கேன் ரூம் வாசல்ல இருந்து எட்டிப் பாத்து ‘டாக்டரம்மா, என் கிட்னி எப்படி இருக்கு?’ன்னு கேட்டா. என்னையப் பத்திக் கேக்கல பாருங்க.

அந்தச் சத்தத்துல இருந்து ஒரு நம்பர் எடுப்பாங்க, ஆர்ஐம்பாங்க, ரத்தம் உள்ள போக எவ்வளவு தடை இருக்குங்கிற கணக்கு. பிரான்ஸ்ல பூர்சலோங்கிறவரு 1974-ல சொன்னது. இதயம் அடிக்கிற நேரத்துல ரத்தம் உச்ச வேகத்துல பாயும், ரெண்டு அடிக்கு நடுவுல வேகம் குறையும், ஆனா நல்ல கிட்னியில நடுவுலயும் ஓட்டம் நிக்காது. உச்சம் 40, நடுவுல குறைஞ்சது 14-ன்னு வைங்க, 40-ல 14 போனா 26, அத 40-ஆல வகுத்தா 0.65. இது நல்ல நம்பர். பொதுவா 0.7-க்குக் கீழ இருந்தா நிம்மதி, 0.8-ஐத் தாண்டுனா டாக்டரு புருவத்தத் தூக்குவாரு. கிட்னி வீங்கி இறுகிப் போச்சுன்னா நடுவுல ஓடுற ஓட்டம் குறைஞ்சு, 14 இருந்த எடத்துல 6 ஆகும், அப்ப கணக்குப் போட்டா 0.85 வரும். ரொம்ப மோசமா இருந்தா உள்ள போன ரத்தம் திரும்பி வெளிய தள்ளப்படுறதே தெரியும், அது ஓடி வந்து பாக்க வேண்டிய எமர்ஜென்சி.

சரி, அப்ப ரிஜெக்‌ஷன் ஆனா கிட்னி வீங்கும், வீங்குனா நம்பர் ஏறும், நம்பர் ஏறுனா கண்டுபிடிச்சிரலாமேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. எங்க டாக்டர்கிட்ட கேட்டப்ப அவரு சொன்ன மாதிரியே சொல்றேன். பாலத்து மேல நின்னு மெயின் ரோட்டப் பாக்குறீங்க, வண்டியெல்லாம் நகராம நிக்குது, ஜாம்னு தெரியுது. ஆனா ஆக்சிடெண்டா, ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கானா, இல்ல செண்பகவல்லி அம்மன் கோயில் தேர் வருதான்னு பாலத்துல நின்னு தெரியுமா, எறங்கிப் போயித்தான பாக்கணும்னாரு. ரிஜெக்‌ஷன்லயும் நம்பர் ஏறும், ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல கிட்னி ரத்தமில்லாமக் கெடந்த அதிர்ச்சியில வேலை செய்யாம இருந்தாலும் ஏறும், யூரின் குழாய் அடைச்சாலும் ஏறும், கிட்னியில இன்ஃபெக்‌ஷன்னாலும் ஏறலாம், ஏன், ஸ்கேன் பண்றவரு கையில பிடிக்கிற கருவிய, ப்ரோப்பும்பாங்க, வயித்துல வச்சு அமுக்குனாலே ஏறும். கிட்னி அவ்வளவு மேல இருக்குல்ல.

இன்னொண்ணும் இருக்கு. பெல்ஜியத்துல லூவென் ஊர் டாக்டருங்க 321 பேர வச்சு செஞ்ச ஆராய்ச்சி 2013-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. குறிச்ச மாசத்துல எல்லாருக்கும் ஆர்ஐயும் பாத்து, பயாப்ஸியும் பண்ணி ஒப்பிட்டுப் பாத்தாங்க. அந்த நம்பர் கிட்னிக்குள்ள இருந்த மாற்றத்தக் காட்டுறத விட, கிட்னிய வாங்குன ஆளோட வயசையும் அவரு ரத்தக்குழாய் எவ்வளவு விறைச்சுப் போயிருக்குங்கிறதையும்தான் காட்டுச்சு. அதாவது அறுபத்தஞ்சு வயசு சுகர்காரருக்கு கிட்னி நல்லா இருந்தாலும் 0.8 வரலாம், இருபத்தாறு வயசுப் பையனுக்கு உள்ள நெருப்புப் பத்திக்கிட்டு இருந்தாலும் 0.66 காட்டலாம். தம்பி விஷயத்துல எனக்கு பயம் இங்கதான்.

ரிஜெக்‌ஷனுக்கு நீங்க போடுற ‘நிராகரிப்பு’ங்கிற வார்த்தையே எனக்கு ஒரு மாதிரி இருக்கும், என்னமோ கலெக்டர் ஆபீஸ்ல மனுவத் திருப்பி அனுப்புன மாதிரி. நிசத்துல அது வீட்டு நாய்க்குப் புது மாப்பிள்ளையத் தெரியாத கதை, நாய்னா இங்க நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி. 1954-ல பாஸ்டன்ல ஜோசப் முர்ரே டாக்டர் முத தடவ வெற்றியா கிட்னி மாத்துனப்ப, கொடுத்தவரும் வாங்குனவரும் ஒரே அச்சு ரெட்டைப் பிள்ளைங்க, நாய்க்கு ரெண்டு பேர் வாசனையும் ஒண்ணு, குலைக்கல. எனக்கு வந்தது பொண்டாட்டியோடது, இருபது வருஷம் ஒண்ணா இருந்தாலும் உடம்புக்கு அவ வெளியாளுதான். காலையும் சாயங்காலமும் எதிர்ப்பு சக்தியக் குறைக்கிற டாக்ரோலிமஸ் மாத்திரை போட்டு நாயக் கட்டி வச்சிருக்கேன். ஒரு நாள் மறந்தா கயிறு லூசாகும். கயிறு ரொம்ப இறுகுனாலும் ஆபத்து, அதனாலதான் எங்களுக்கு பம்ப்ளிமாஸ் பழம் கூடாது, அது மருந்தோட அளவ ரத்தத்துல ஏத்தி விட்டுரும். போன வருஷம் குரூப்ல ஒருத்தர் அதுல ஜூஸ் போட்டுக் குடிச்சு ஒரு வாரம் கை நடுங்குச்சுன்னாரு, அது வேற கதை.

வேலூர் சிஎம்சியில 1971-ல நம்ம நாட்டுல முத தடவ வெற்றியா கிட்னி மாத்துன காலத்துல டாக்ரோலிமஸ் கிடையாது, அதே வேலை செய்யுற சைக்ளோஸ்போரினும் கிடையாது. அப்பல்லாம் ரிஜெக்‌ஷன் வந்தா காய்ச்சல் அடிக்கும், கிட்னி கல்லு மாதிரி வீங்கி வலிக்கும், யூரின் நின்னு போகும், கைய வச்சே சொல்லிருவாங்களாம். கிட்னி வீக்கம்னு பழைய ஸ்கேன் பாடமெல்லாம் அந்த மாதிரி கேஸப் பாத்து எழுதுனது. இப்ப இருக்குற மருந்துக்கு அது சத்தமில்லாம வருது. காய்ச்சல் இல்ல, வலி இல்ல, நல்லா சாப்பிடுறோம், கடையில ஒக்காந்து டைப் அடிக்கிறோம், கிரியாட்டினின் மட்டும் ஏறிட்டு இருக்கும். அதுவும் ஏறித் தெரியுறப்ப உள்ள வேலை ஆரம்பிச்சு நாளாகியிருக்கும்.

எனக்கு 2018-ல அப்படித்தான் வந்துச்சு. 1.2 இருந்தது 1.8. மதுரையில எங்க ஆஸ்பத்திரியில டாப்ளர் பாத்தாங்க, நல்ல ரேடியாலஜி டாக்டர், அரை மணி நேரம் பொறுமையாப் பாத்தாரு. மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல நம்பர் எடுத்தாரு. 0.66 இருந்த எடத்துல 0.72. கொஞ்சம் ஏறியிருக்கு, ஆனா இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அடைப்பு இல்ல, ரத்தக்குழாய் சுருக்கம் இல்ல, தண்ணி கட்டல, அதனால பயாப்ஸி பண்ணித்தான் ஆகணும்னாரு. எனக்குப் பக்கத்துக் கட்டில்ல போடிப் பக்கத்துல இருந்து வந்த ஒரு ஏலக்காய் வியாபாரி, என் வயசுதான், அவருக்கும் கிரியாட்டினின் 1.8, அவரு ஸ்கேனும் ஏறக்குறைய என்னுது மாதிரியே. ரெண்டு பேரும் ரிப்போர்ட்ட மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டோம்.

பயாப்ஸி நீங்க நினைக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்ல. ரத்தத்தக் கட்ட விடாத மாத்திரை போடுறவங்க டாக்டர் சொல்ற நாள்ல இருந்து அத நிறுத்தணும், பிபி பாப்பாங்க, ரத்தம் உறையுற டெஸ்ட் பாப்பாங்க. எங்களுக்கு கிட்னி முன்னாடி இருக்குறதால மல்லாந்துதான் படுக்கணும். மரத்துப் போற ஊசி முதல்ல, அது மட்டும்தான் எறும்பு கடிச்ச மாதிரி. அப்புறம் டாக்டர் ஒரு கையில ஸ்கேன் ப்ரோப், இன்னொரு கையில ஸ்பிரிங் வச்ச ஊசித் துப்பாக்கி, திரையில ஊசி முனை வெள்ளைக் கோடா இறங்குறத நானே பாத்தேன். ‘சத்தம் வரும், அசையாதீங்க’ன்னாரு. டக்குன்னு ஒரு சத்தம், ஸ்டேப்ளர் அடிச்ச மாதிரி, என் கடையில நாளைக்கு நூறு தடவ கேக்குற சத்தம்தான். வெளிய வந்தது பாத்தா வெள்ளை நூல் துண்டு, சேமியா மாதிரி ஒண்ணு. ரெண்டு தடவ எடுத்தாங்க. கிட்னியில வடிகட்டுற முடிச்சு பத்தாவது, ரத்தக்குழாய் ரெண்டாவது அதுல இருக்கணுமாம், இல்லன்னா முடிவு சொல்றது கஷ்டமாம். கனடாவுல பான்ஃப்ங்கிற ஊர்ல 1991-ல டாக்டருங்க கூடி ஆரம்பிச்ச கணக்கு, உலகம் பூரா அத வச்சுத்தான் ரிஜெக்‌ஷனுக்கு மார்க் போடுறாங்க. அப்புறம் வயித்துல வெயிட்ட வச்சு ஆறு மணி நேரம் அசையாமப் படுக்கணும், அதுதான் கொடுமை. போற யூரின ஒவ்வொரு தடவையும் தனித்தனி பாட்டில்ல பிடிச்சு ஜன்னல் ஓரமா வரிசையா வைக்கச் சொன்னாங்க, செவப்பு குறைஞ்சுட்டு வருதான்னு பாக்க. முதல் பாட்டில் காபித் தண்ணி, நாலாவது பாட்டில் சாதாரண மஞ்சள். என் வீட்டுக்காரி அத நவராத்திரி கொலு மாதிரி அடுக்கி வச்சிருந்தா.

ரிசல்ட் வந்துச்சு. எனக்கு ரிஜெக்‌ஷன், வெள்ளை அணுக்கள் கிட்னிக்குள்ள பூந்து தாக்குற வகை. மூணு நாள் ஸ்டீராய்டு டிரிப், மாத்திரை அளவக் கூட்டுனாங்க, ரெண்டு வாரத்துல 1.3-க்கு வந்துட்டேன். போடிக்காரருக்கு ரிஜெக்‌ஷனே இல்ல, பிகே வைரஸ். அது நிறைய பேரு உடம்புல சும்மா தூங்கிட்டு இருக்குற வைரஸாம், எதிர்ப்பு சக்தியக் குறைக்கிற மாத்திரை அதிகமானா முழிச்சுக்கிட்டு கிட்னியத் திங்க ஆரம்பிக்குமாம். அவருக்கு வைத்தியம் மாத்திரையக் குறைக்கிறது. ஐயா, இந்த எடத்தக் கொஞ்சம் நின்னு படிங்க. அதே கிரியாட்டினின், அதே மாதிரி ஸ்கேன், அடுத்தடுத்த கட்டில். ஒருத்தனுக்கு மருந்தக் கூட்டணும், ஒருத்தனுக்கு மருந்தக் குறைக்கணும். ஸ்கேன் போதும்னு உங்க தலைப்பு மாதிரி யாராவது முடிவு பண்ணி எனக்குக் கொடுத்த ஸ்டீராய்ட அவருக்கும் ஏத்தியிருந்தா வைரஸுக்கு விருந்து வச்ச மாதிரி ஆயிருக்கும். தம்பிகிட்ட நான் சொன்னதும் இதத்தான், உனக்கு ரிஜெக்‌ஷன்னு நான் சொல்லல, எதுன்னு தெரியாம மருந்து கொடுக்க முடியாதுடான்னு.

இதுக்காக ஸ்கேனக் குறைச்சுப் பேசுறேன்னு நினைச்சுக்காதீங்க, அது இல்லன்னா நாங்க இல்ல. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே டாப்ளர் வச்சு ரத்தம் நல்லா உள்ள போகுதா, சிரை வழியா வெளிய வருதான்னு பாப்பாங்க, சிரையில கட்டி விழுந்திருந்தா மணிக்கணக்குல கிட்னி போயிரும். கிட்னியச் சுத்தி நிணநீர் தேங்குறது, யூரின் கசியுறது, ரத்தம் கட்டுறது, யூரின் குழாய் சுருங்கி கிட்னி பலூன் மாதிரி ஊதுறது, இணைச்ச எடத்துல ரத்தக்குழாய் சுருங்கி பிபி ஏறுறது, இதெல்லாம் ஸ்கேன்லதான் கண்டுபிடிக்கிறாங்க. இதுல ஏதாவது இருந்தா அதச் சரி பண்ணா போதும், பயாப்ஸி வரைக்கும் போகவே தேவையிருக்காது. குரூப்ல ஒரு அம்மாவுக்கு அப்படித்தான், கிரியாட்டினின் ஏறுனதுக்குக் காரணம் யூரின் குழாய் அடைப்பு, ஒரு டியூப் போட்டாங்க, இறங்கிருச்சு. பயாப்ஸி ஊசியே ஸ்கேன் பாத்துத்தான் இறங்குது, பயாப்ஸிக்கு அப்புறம் உள்ள ரத்தக்குழாய் ஏதாவது தப்பாச் சேந்துக்கிச்சான்னு பாக்குறதும் டாப்ளர்தான். கதிர்வீச்சு கிடையாது, சிடி ஸ்கேன் மருந்து மாதிரி கிட்னியப் பாதிக்கிற ஊசி கிடையாது, எத்தனை தடவ வேணா பாக்கலாம்.

இப்ப உங்க கட்டுரையில வந்த எலிக்கு வர்றேன். அந்த ஆராய்ச்சி நிசமாவே அழகான விஷயம், அதக் கெடுத்துட்டீங்களேன்னுதான் வருத்தம். ரத்தச் செவப்பணுவ விடச் சின்னதா வாயுக் குமிழி செஞ்சு ஊசியில ஏத்துவாங்க, அல்ட்ராசவுண்ட் பட்டா அது மினுக்கும். வெறும் குமிழிய மனுசங்களுக்கு ரத்த ஓட்டம் பாக்க ஏற்கனவே போடுறாங்க, அந்த வாயு மூச்சு வழியா வெளிய போயிரும், கிட்னிக்குச் சுமையில்ல, எங்கள மாதிரி ஆளுகளுக்கு அது பெரிய விஷயம். ஆராய்ச்சிக்காரங்க அடுத்த படி போயி, குமிழி மேல ஒரு ஒட்டுற பொருளப் பூசுனாங்க. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல 2003-லயே எலிக்கு இதயம் மாத்தி வச்சு, ரிஜெக்‌ஷன் ஆகுற இதயத்துல ரத்தக்குழாய்ச் சுவர்ல மொளைக்கிற ஒரு புரதத்த குமிழி போயி பிடிச்சுக்கிற மாதிரி செஞ்சு பாத்தாங்க, ரிஜெக்‌ஷன் ஆன இதயம் மினுக்குச்சு. ஜெர்மனியில மூன்ஸ்டர்ல கிட்னி மாத்துன எலிக்கு, தாக்க வர்ற டி செல்லுங்கிற வெள்ளை அணுவையே பிடிச்சுக்கிற குமிழி. பாலத்துல நிக்கிறவனுக்கு ஜாம் மட்டுமில்ல, அது எதனாலன்னும் தெரியுற மாதிரி. ஆனா எலி எலிதான். 2003-ல எலியில பாத்தது இன்னும் எங்க வார்டுக்கு வந்து சேரல. நாளைக்கு வந்தா முத ஆளா வயித்தக் காட்டிப் படுத்துருவேன், அந்த ஆறு மணி நேரம் மிச்சம். ‘இனி’ன்னு ரெண்டெழுத்து போட்டீங்க பாருங்க, அது எப்ப இனின்னு தம்பிக்குத் தெரியல, அவனுக்கு அது நேத்தே வந்துருச்சு.

நான் கேக்குறது ரெண்டு மூணுதான். ஒண்ணு, அதே பக்கத்துல, சின்ன எழுத்துலயாவது, எலி ஆராய்ச்சின்னும் டாக்டர் பயாப்ஸி சொன்னா தள்ளிப் போடாதீங்கன்னும் ஒரு திருத்தம் போடுங்க. இந்த லெட்டர் பெருசுதான், வெட்டிப் போடுறதா இருந்தா கொலு கதைய வெட்டிக்கோங்க, கட்டில் கதைய வெட்டாதீங்க. அப்புறம் ஸ்கேன் சென்டர் வச்சிருக்குறவங்களுக்கு. வாசல்ல கருவில் இருப்பது ஆணா பெண்ணான்னு சொல்ல மாட்டோம்னு சட்டப்படி போர்டு வைக்கிறீங்க, நல்லது. உள்ள படுக்க வைக்கிற ஆளுகிட்ட கிட்னி மாத்துனவரான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அடிவயித்துல கோணலாத் தழும்பு இருக்கும், சட்டையத் தூக்குனாலே தெரியும். டாப்ளர் நம்பர எழுதுங்க, போன தடவ ரிப்போர்ட்ட வாங்கிப் பக்கத்துல வச்சு எழுதுங்க, எங்களுக்கு தனி நம்பர விட ஏறுதா எறங்குதாங்கிறதுதான் முக்கியம். நான் என் நம்பரையெல்லாம் ஒரு சார்ட்டா டைப் அடிச்சு லேமினேட் பண்ணிக் கையில வச்சிருக்கேன், குரூப்ல கேட்டவங்களுக்கெல்லாம் ஓசியில அடிச்சுக் கொடுக்குறேன்.

அரசாங்கத்துக்கும் ஒண்ணு. முதலமைச்சர் காப்பீட்டுல ஆபரேஷன் பண்ணி விடுறாங்க, உறுப்பு தானம் பண்றவங்களுக்கு 2023-ல இருந்து அரசு மரியாதை கொடுக்குறாங்க, 2008-ல விபத்துல மூளைச்சாவு அடைஞ்ச பையன் ஹிதேந்திரனோட உறுப்புகள தானம் பண்ண அவன் அப்பா அம்மா எடுத்த முடிவுக்கு அப்புறம் இந்த ஊர்ல எத்தனையோ பேர் மாறியிருக்காங்க, எல்லாம் கும்பிட வேண்டிய விஷயம். ஆனா மாத்துன கிட்னிய டாப்ளர்ல பாக்கத் தெரிஞ்ச டாக்டர் பெரிய ஊர்லதான் இருக்காரு. கிரியாட்டினின் ஏறுன அன்னைக்கு பஸ் பிடிச்சு மதுரை போயி, டோக்கன் வாங்கி, ஒரு நாள் கூலி போயி பாக்குறதுக்குள்ள பாதிப்பேரு ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம்’னு விட்டுர்றான். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில வாரத்துல ஒரு நாள் இதுக்குன்னு வச்சா கூடப் போதும்.

இத டைப் அடிச்சு முடிச்சு அனுப்பப் போற நேரத்துல தம்பி போன் பண்ணான். அவங்க அம்மா ‘நான் கொடுத்தத நீ என்னடா பண்ற’ன்னு ஒரே சத்தமாம், இழுத்துட்டுப் போயி அட்மிட் பண்ணிட்டாங்களாம். நாளைக்குக் காலையில பயாப்ஸி. என்னண்ணே எடுத்துட்டுப் போகணும்னு கேட்டான். நாடா வச்ச பேண்ட் வேண்டாம், ரெண்டு லுங்கி, படுத்துக்கிட்டே தண்ணி குடிக்க வளையுற ஸ்ட்ரா, போன் சார்ஜர் வயர் நீளமானது, அப்புறம் பழைய ரிப்போர்ட் எல்லாம் தேதி வரிசையில அடுக்கி எடுத்துட்டுப் போடான்னு சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழை 20 வருஷமா வாசிக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
கோவில்பட்டி.